ஆணியில் தொங்கிய ஆறு வருடம்

சாவிக்கடைக்காரர் கோடீஸ்வரராம். அப்படியிருந்தும் தெருவில் நீலச்சட்டை போட்டவனையெல்லாம் மறித்து நாலு சாவிக்கான பாக்கி கேட்கிறாராம். சொன்னவர்கள் எல்லோரும் அவரிடம் கடன் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள். பாதியாவது உண்மை இருக்குமென்று, நன்றாக இருந்த என் வீட்டுச் சாவிக்கு நகலெடுக்கப் போனேன்.

கோடி இல்லை. ஆனால் பணம் உண்மை. அதுதான் கொடுமை.

ஆறு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு சாவி வெட்டிய கூலிக்குப் பிட்காயின் வாங்கியிருக்கிறார். விலை ஏறினாலும் வாங்கினார், சரிந்தாலும் வாங்கினார். காற்றை வாங்குகிறான் என்று அன்று சிரித்தவர்கள்தான் இன்று கடன் கேட்கிறார்கள், வெட்கம் கெட்டவர்கள். கடை இருப்பது மாடிப்படிக்கு அடியில். இந்த மாதக் கடைசியில் அதைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் கட்டடக்காரர். அந்தப் பணத்தில் எதிர்வரிசையில் சொந்தமாக ஓர் அறை, அவ்வளவுதான் அவர் கணக்கு.

காசெல்லாம் போனில். போன் போனால் மீட்பதற்குப் பிட்காயின் கம்பெனியில் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் கொடுத்திருந்தார்கள். காகிதம் எரிந்துவிடும், உலோகத்தில் பொறித்து வை என்று யாரோ புத்திசாலி இணையத்தில் எழுதியிருக்கிறான். இவருக்கா உலோகத்துக்குப் பஞ்சம்? வெட்டாத பன்னிரண்டு சாவிகளின் தலையில் எண்ணும் சொல்லுமாக அடித்து, கடையிலுள்ள அறுநூறு சாவிகளுக்கு நடுவே ஆணிகளில் மாட்டிவிட்டார். எந்தத் திருடனாலும் கண்டுபிடிக்க முடியாது.

திருடன் வரவில்லை. மச்சினன் வந்தான்.

போன மாதம் இவர் காய்ச்சலில் படுத்த இரண்டு நாளும் கடையைப் பார்த்துக்கொண்டவன் அவன். சேர்ந்து தங்கியிருக்கும் நண்பர்களுக்கென்று ஒரு நீலச்சட்டை வந்து நாலு சாவி கேட்க, வெட்டிக் கொடுத்திருக்கிறான். அடுத்த வாரம் போன் தண்ணீர் வாளியில் விழுந்து செத்தது. ஆணிகளைத் தேடினால் எட்டுச் சாவிதான்.

“எழுத்து அடிச்சிருந்துச்சு மாமா. வெளிநாட்டுச் சாவின்னு நெனச்சு நல்லதாப் பாத்துக் குடுத்தேன்” என்றானாம்.

அவனை அடிக்கக் கை ஓங்கியவரைத் தடுத்தது அவருடைய மனைவி. “என் தம்பிய ஏன் அடிக்கப் போறீங்க? சம்பாதிச்சதை ஆணியில தொங்கவிட்ட ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.”

கம்பெனிக்குப் போன் செய்தால், சொற்களைக் காப்பது உங்கள் பொறுப்பு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று ஒரு குரல் குழைகிறதாம். வேறு உதவியாம்! முதல் உதவியைச் செய்து முடித்தாயிற்றா? ஒரு சொல் என்றால் கண்டுபிடித்துவிடலாம், நாலு என்றால் ஆயுள் போதாது என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

என் சாவிக்கான நகலை எந்திரத்தில் வைத்து, அது என்ன பாவம் செய்ததோ, அழுத்தித் தேய்த்தார். “ஊரான் பூட்ட அஞ்சு நிமிஷத்துல தொறப்பேன் சார். என் காசு எவனெவன் பாக்கெட்டுலயோ கிலுகிலுன்னு ஆடிக்கிட்டிருக்கு. அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

நீலச்சட்டையின் பெயரோ வீடோ மச்சினன் கேட்டு வைக்கவில்லை. சில்லறை இல்லை, சாயங்காலம் வந்து தருகிறேன் என்று போனவன்தான். கடைச் சிலேட்டில் மச்சினனின் கோணல் எழுத்து அப்படியே இருக்கிறது: நீலச்சட்டை, நாலு சாவி, பாக்கி. மாதம் முடிய ஒன்பது நாள்.