அறுபத்து மூவர் நாளில் எட்டாம் வகுப்பு

நடந்தவை வரிசையாக:

1. மயிலாப்பூரில் நான் கணக்கு சொல்லிக்கொடுத்த பெண்கள் மிடில் ஸ்கூலில், எட்டாம் வகுப்பில் தேறியவர்களைவிடத் தவறியவர்கள் அதிகம் என்பதை மேலிடத்தில் கவனித்தார்கள்.
2. இன்ஸ்பெக்ஷன் அன்று பாதிப் பெஞ்சாவது நிறையாவிட்டால் அந்த வகுப்பை எடுத்துவிடுவோம் என்றார்கள்.
3. இன்ஸ்பெக்ஷன் தேதி, பங்குனி உற்சவத்தில் அறுபத்து மூவர் நாளில் விழுந்தது.
4. தேதியை மாற்றக் கேட்டோம். மாற்றவில்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், ஊருக்குப் புதியவர். அவருக்கு அது ஒரு புதன்கிழமை, அவ்வளவுதான். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு எந்தக் குழந்தை ஆத்துல இருக்கும்? பெருமாள் கோயில்காராளே இங்க வந்துன்னா நிப்பா!"

டிரெயினிங் ஸ்கூலில் எனக்கு மிகவும் பிடித்தது வரைபடம் போடுவது. வகுப்பு வாரியாக, எந்த வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் என்று வண்ணப் பென்சிலால் ஒரு படம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தேன். ஒன்றாம் வகுப்பில் எல்லா வண்ணமும் அகலமாக இருக்கும். மேலே போகப் போக மெலியும். அக்கிரகாரத்துப் பெண்களுக்குக் கல்யாணம் ஆகிவிடும். ஆற்றங்கரைக் குடிசைப் பெண்கள், வீட்டில் புதுக் குழந்தை பிறந்தால் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். முஸ்லிம் பெண்கள் வயதுக்கு வந்ததும் கோஷா என்று திரைக்குள் போய்விடுவார்கள். அவர்களுக்கு நான் போட்டது பச்சை. எட்டாம் வகுப்பு வரை வந்த பச்சைக் கோடு ஒன்றே ஒன்று: வளையல்காரரின் மூத்த பெண்.

அவள் தகப்பனார் வருஷ ஆரம்பத்திலேயே என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இந்த இஸ்கூல்ல எட்டாவது கீற வரைக்கும் படிக்கட்டும் டீச்சரம்மா. எங்க ஊட்டு வாசல்ல நின்னா இஸ்கூல் கேட்டு தெரியுது. வேற இஸ்கூலுன்னா அனுப்ப மாட்டேன்."

அந்தப் புதன்கிழமை அவள்தான் முதலில் வந்தாள். புர்க்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு சாந்தோமிலிருந்து வரும் கிறிஸ்தவப் பெண்கள் இருவர் வந்தார்கள். அவ்வளவுதான். கட்டாயம் வருகிறேன் என்று முதல் நாள் தலையாட்டிய ஒருத்தியையும் காணோம்.

"கிளாஸை எடுத்துடுவாங்களா டீச்சர்?" என்று வளையல்காரர் பெண் கேட்டாள்.

"இன்னும் நேரம் இருக்கு" என்றேன்.

ஆபீஸ் அறையில் ஹெட்மிஸ்ட்ரஸ், இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளுக்குக் காபி கொடுத்து, பள்ளியின் சரித்திரத்தை ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தார். நான் பின்கதவு வழியாக வெளியேறினேன்.

மாட வீதியில் நீர்மோர்ப் பந்தலைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது. பொரி மூட்டைகள், பனையோலை விசிறிகள், தோளில் குழந்தையோடு வெளியூர்க்காரர்கள். குளத்து மூலையில் வளையல்காரர் கடை போட்டிருந்தார். என் எட்டாம் வகுப்பின் மீதி முழுவதும் அங்கேதான் நின்றது, பட்டுப் பாவாடையும் மல்லிகைப் பூவுமாக.

"இந்தக் கைக்கு மட்டும் போட்டுண்டு வந்துடறோம் டீச்சர்" என்றாள் ஒருத்தி. யாரும் அசையவில்லை.

வளையல்காரர் அவள் விரல்களைக் குவித்துப் பிடித்திருந்தார். "இன்னா டீச்சரம்மா, இஸ்கூல்ல ஆரோ வர்றாங்கன்னு எம்பொண்ணு காலைலேர்ந்து சொல்லிக்கினு இருந்திச்சு?"

"வந்தாச்சு. இவங்க வரலேன்னா எட்டாவது போயிடும்."

அவர் கையை விட்டார். வளையல் சரங்களின்மேல் துணியை இழுத்து மூடினார். நல்ல வியாபார நேரம் அது.

"எட்டாவது புள்ளைங்க எல்லாம் கெளம்பு. இஸ்கூல்ல தலையக் காட்டிட்டு வர்ற கைக்குத்தான் வளையல்."

ஆற்றங்கரைப் பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்தாள். "அய்யே, ரொம்பத்தான் பிகு பண்ற மாமா! பக்கத்துல கடை இல்லியா?"

"போ, போ. அவன் போடறது சாமி திரும்பறதுக்குள்ள ஒடஞ்சிடும். அப்பால இங்கதான் வருவ."

அவள்தான் முதலில் சிரித்தாள். முதலில் பள்ளிப் பக்கம் ஓடியவளும் அவள்தான்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வகுப்புக்குள் நுழைந்தபோது பெஞ்சுகள் நிறைந்திருந்தன. பட்டுச் சரசரப்பில் அவர் குரலே அமுங்கியது. ஒருத்தியைப் பார்த்து, "ஏன் ஒரு கையில மட்டும் வளையல்?" என்று கேட்டார்.

"இன்னொரு கைக்கு நீங்க போனப்புறம்தான்னுட்டார், மேடம்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு விகிதத்தில் கணக்குக் கேட்டார். ஜன்னல் வழியே நாகஸ்வரம் வந்துகொண்டிருந்தது. பாதிப் பேரின் காது அங்கே போய்விட்டது. வளையல்காரர் பெண்ணும் இன்னும் சிலரும்தான் சரியாகச் சொன்னார்கள். 'வகுப்பு நடக்கலாம். கணக்கு மோசம்' என்று எழுதிவிட்டுப் போனார். கணக்கு என் பாடம். மறுநாளிலிருந்து சாயங்கால வகுப்பு வைத்தேன்.

சில வருஷம்தான் ஆகிறது. ஆனாலும் அந்தப் பெண்களைப்போல இன்னொரு வகுப்பு எனக்கு அமையவில்லை. சாயங்கால வகுப்பில் கணக்குப் போடும்போதெல்லாம் கண்ணாடி வளையல்கள் பலகையில் உரசும். சத்தம் போடாதீர்கள் என்று அதட்டுவேன். உள்ளூர அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

இப்போதைய நிலைமை: எட்டாம் வகுப்பு நடக்கிறது. தேறுகிறவர்கள் தவறுகிறவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். வளையல்காரர் பெண் எட்டில் தேறினாள். மேலே படிக்க அனுப்பவில்லை. இந்த வருஷம் எட்டில் முஸ்லிம் பெண் யாரும் இல்லை. ஏழில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருத்தி அவள் தங்கை.