மீசை இல்லாத படம்

ஆரணியில் படம் வரைந்து பிழைக்கிறவன் நான். ஆண்களை விரும்புகிறவன் என்பது ஊரில் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்ந்த என் தோழி அவள். காய்ச்சலில் அவள் இறந்தபோது, வீட்டார் அவள் கூந்தலை வெட்டி, வேட்டி கட்டித்தான் எரித்தார்கள்.

காரியத்துக்குப் படம் கேட்டு அவள் அப்பா வந்தார். பட்டுப்புடவையில் அவளை உட்காரவைத்து முன்பே நான் வரைந்திருந்த படத்தைக் காட்டினேன்.

“யார் இவ? என் புள்ளைக்கு மீசை வெச்சு வரைப்பா.”

“என்னால முடியாதுங்க.”

வேறிடத்தில் மீசையோடு வரையச் சொல்லி வாங்கி மாட்டினார்.

பிறகொரு நாள் அவள் அம்மா தனியாக வந்தார். படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

“இப்டி சிரிச்சுகினா இருந்தா?”

“எடுத்துட்டுப் போங்கம்மா.”

“கிழிச்சிடுவாருப்பா” என்று அழுதபடி வெறுங்கையோடு போனார்.