காதர் வைத்த ஜாக்கி நழுவவில்லை

பசுந்தாங் சந்தையில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டாலாவிலிருந்து படகில் கத்தரிக்காய் கொண்டுவந்து விற்கிறவர் கூடையை இறக்கிவிட்டு, "வேலு அண்ணே, கேட்டீங்களா? ஜாக்கி காதர் மவுத்தாயிட்டாராம்" என்றார். மீனைப் பலகையிலேயே விட்டுவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தேன். ஆற்றைக் கடக்கும் வரை எனக்கு அழுகை வரவில்லை. செத்த பிறகும் அந்தப் பட்டப்பெயரா என்று எரிச்சல்தான் வந்தது.

மையித்து வீட்டு வாசலில் மரக்கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் பெயரைச் சொன்னால் எனக்கு வாய் கசக்கும். மரக்கடை என்றாலே உங்களுக்குத் தெரியும். சுற்றியிருந்தவர்களிடம், "நல்ல வேலைக்காரன். அன்னிக்கி அந்த ஜாக்கிய மட்டும் ஒழுங்கா வெச்சிருந்தான்னா, இந்த டாலாவுல வந்து கெடந்திருப்பானா? எல்லாம் நசீபு, தலையெழுத்து" என்றார். எல்லாத் தலைகளும் ஆடின. உங்கள் தலைகளைத்தான் சொல்கிறேன். மறுத்துச் சொல்ல நான் எழுந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து காதரின் மனைவி ஐஷாம்மாவின் குரல் வந்தது. "அண்ணே, மையித்த வெச்சிக்கிட்டு வேணாம். நாப்பது முடியட்டும்."

நாற்பது நாளும் முடிந்துவிட்டது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பார்த்ததெல்லாம் தலைக்குள் அப்படியே கிடக்கிறது. நான் சொல்வதை எழுதுகிறவர் எழுதட்டும். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓத வந்த நீங்கள் சோறு தின்பதற்கு முன்னால் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. ஏதோ வீடியோ கேசட்டில், வெளிநாட்டுக்காரர்கள் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்த வண்டியில் மலைக்குப் போய் மான் சுடுவதைப் பார்த்துவிட்டார். உடனே ஒரு பழைய ஜப்பான் பஸ்ஸை வாங்கிக் காதரின் மெக்கானிக் பட்டறையில் நிறுத்தினார். காதர் சீட்டுகளைப் பிடுங்கினான், கட்டில் அடித்தான், கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வைத்தான், பின்பக்கம் ஜெனரேட்டரைப் பூட்டினான். முதலாளி உள்ளே ஏறிப் படுத்துப் பார்த்தார்.

"என்ன சயா, எப்பிடி இருக்கு?" வேலை தெரிந்தவனை இங்கே பர்மியப் பேச்சில் சயா என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு முதலாளியும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்.

"நத்தைக்கு நல்லாருக்கும் முதலாளி. ஆனா நத்தை ஜெனரேட்டர் வெச்சிக்கிறதில்ல" என்றான் காதர்.

முதலாளியின் லாரிகளை ஓட்டியவன் நான். அதனால் பஸ்ஸும் என் கைக்கு வந்தது. வண்டிக்கு ஏதாவது ஆனால் பார்க்கக் காதர். மாவ்பி தாண்டி, பியே சாலையில் வடக்கே போய், யோமா மலைப் பக்கம் திரும்பினோம். அடிவாரத்து ஊரில் ஊ தின் என்ற பர்மியக்காரர் வழிகாட்ட ஏறிக்கொண்டார். முதல் சாயங்காலமே முதலாளி ஜெனரேட்டரைப் போட்டுக் காட்டுக்குள் படம் பார்த்தார். மூங்கில் காடே அதிர்ந்தது. ஊ தின் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "மலையில உள்ள மானெல்லாம் செவிடுன்னு யாரு மொதலாளி உங்ககிட்ட சொன்னது?" என்று காதர் கேட்டான். முதலாளியும் சிரித்தார். அதுவரைக்கும் எல்லாரும் மனிதர்களாகத்தான் இருந்தோம்.

மறுநாள் ஓர் ஓடையில் பின்சக்கரம் மணலில் புதைந்தது. காதர் பலகை அடுக்கி, அதன்மேல் ஜாக்கி வைத்து, பஸ்ஸைத் தூக்கினான். நான் அடியில் புகுந்து சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன். வண்டி ஏறிவிட்டது. அந்தப் பயணம் முழுவதும் ஜாக்கி வெளியே வந்தது அந்த ஒரு தடவைதான். அது ஒரு விரல் அளவுகூட அசையவில்லை. அடியில் கிடந்தவன் நான். என்னைக் கேளுங்கள், மரக்கடையைக் கேட்காதீர்கள்.

புறப்படும் முன்பே முதலாளி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார், கந்தூரி விருந்துக்கு மான்கறி வரும் என்று. குண்டுபட்டுச் செத்தது ஹலால் இல்லை. உயிர் இருக்கும்போதே பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டும். இது இந்துவான எனக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா? ரத்தம் பட்டால் முதலாளிக்குத் தலை சுற்றும். ஹஜ்ஜுப் பெருநாளில் சுத்தமாக அறுக்கிற கை காதருடையது. ஆகவே கத்தியோடு அவன் முதலாளிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று ஏற்பாடு.

காலை வெயில் ஏறுகிற நேரம். சரிவுக்குக் கீழே கடமான் ஒன்று நின்றது. முதலாளி சுட்டார். அது முன்னங்கால் மடிந்து விழுந்தது. "ஓடு காதரு! உசுரு போறதுக்குள்ள அறு, ஓடு!" என்று கத்தினார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. காதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். கிட்டே போனபோது மான் உதைத்து எழப் பார்த்தது. கறி கைநழுவிப் போகிறதே என்ற பதற்றத்தில், ஓடச் சொன்ன அதே மனிதர் துப்பாக்கியின் இரண்டாவது குழலையும் சுட்டார்.

காதரின் முழங்காலில் இறங்கியது. அவன் விழுந்தான். நாங்கள் ஓடிப் போவதற்குள், வாயில்லாத ஜீவன் துடிக்கக் கூடாது என்று கையால் ஊன்றி ஊன்றி மான் பக்கம் நகர்ந்தான். பிஸ்மி சொல்லி அறுத்தான். பிறகுதான் தன் காலைப் பார்த்து, "வேலு, என்னமோ ஆயிடுச்சு மாப்ள" என்றான்.

அந்த ராணுவ ஆட்சிக் காலத்தில் ஒருவன் கையில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தாலே உள்ளே தள்ளிவிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். வழியில் ஓர் ஊரில் தெரிந்த வைத்தியர் ஒருவரின் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத் தூக்கிப் போனோம். அவர் ரவைகளை எடுத்தார். முழங்காலை மடங்க வைக்க அவரால் ஆகவில்லை.

திரும்பும் வழியில், தானே அடித்த கட்டிலில் காதர் படுத்திருந்தான். முதலாளி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதுகிற மாதிரி சொன்னார். "ஜாக்கி நழுவி பஸ்ஸு கால்ல எறங்கிடுச்சு. ஊர்ல கேட்டா அதான் பதில். வெளங்குதா?"

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவன் தலையைத் தூக்கினான். "மரம் விழுந்துச்சுன்னு சொல்லுங்க. பாறை உருண்டுச்சுன்னு சொல்லுங்க. ஜாக்கி மட்டும் வேணாம் மொதலாளி."

"மெக்கானிக்குக்கு ஜாக்கின்னாத்தான் நம்புவாங்க."

"நம்பிடுவாங்க, அதான் வேணாங்கறேன்."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். "இது அநியாயம் மொதலாளி" என்றேன். "ஓட்டுறவன் ஓட்டு. உள்ள போனா நாலு பேரும்தான் போவோம், நீயும்தான்" என்றார். காதர் என்னைப் பார்த்தான். "விடு மாப்ள. ஒனக்குப் புள்ளைங்க இருக்கு. என் மவுத்து வரைக்கும் இத நீ வெளிய சொல்லக் கூடாது" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

கறி ஊருக்கு வந்தது. கந்தூரியில் தின்றீர்கள். ருசி நல்லாயிருக்கிறது என்று முதலாளியைப் புகழ்ந்தீர்கள். அந்தக் கறி உங்கள் தட்டுக்கு ஹலாலாக வந்தது எப்படி என்று ஒருவராவது கேட்டீர்களா? கை கழுவிய தண்ணீர் காய்வதற்குள் "ஜாக்கி வைக்கத் தெரியாத மெக்கானிக்" என்று சிரித்தீர்கள். வண்டிகள் வேறு பட்டறைகளுக்குப் போயின. முதலில் போனது யாருடைய லாரிகள் தெரியுமா? முதலாளியுடையவை. "அவன் தூக்குற வண்டிக்கு அடியில ஆளை விட எனக்குப் பயம்" என்று அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார். சுட்ட கை சொல்லிற்று அதை. நான் அன்றைக்கே அவர் வேலையை விட்டேன். பெரிய காரியம் ஒன்றுமில்லை, அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பட்டறை மூடியது. மடங்காத காலை நீட்டிக்கொண்டு காதர் ஆற்றைத் தாண்டி டாலாவுக்குப் போய், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாக்களுக்கு ரிப்பேர் பார்த்தான். ஒருநாள் பார்க்கப் போனேன். மூன்று சக்கரத்தையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு ஒரு சைக்கா கவிழ்ந்து கிடந்தது. "இது நல்ல தொழில் மாப்ள" என்றான். "கவுத்துப் போட்டாப் போதும். ஜாக்கி கேக்காது." ஐஷாம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சிரிக்கிறதப் பாருங்கண்ணே, வெக்கமில்லாம" என்றது. அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "உனக்குக் கோவமே வராதாடா?" என்று கத்திவிட்டேன். "வரும். ஆனா கால் மடங்கலயே, எந்திரிச்சிப் போயி யாரை அடிக்கறது?" என்றான்.

ஆகவே இது புகழுரை இல்லை. மரக்கடை முதலாளி இந்த வரிசையில் எங்கேயோ உட்கார்ந்திருப்பார். எழுந்து இல்லை என்று சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால், இனிமேல் அந்தப் பட்டப்பெயரை ஒருத்தரும் வாயில் எடுக்கக் கூடாது. காதர் சயா என்று சொல்லுங்கள். அவன் பிள்ளைகள் முன்னால் சொல்லுங்கள். செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு கபருக்குப் போனவனுக்கு அதாவது திரும்பக் கிடைக்கட்டும்.

மனதில் இவ்வளவு கோபம் ஆகாது என்று ஐஷாம்மா சொல்கிறது. இறக்கி வைக்க எனக்கு மனமில்லை. அது போக, அவனிடமிருந்து இன்னொன்றும் எனக்கு மிஞ்சியிருக்கிறது. பட்டறை ஓடிய காலத்தில், கோடையில், மத்தியானம் நிழலுக்கு வேறு இடம் கிடையாது. காதர் ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்திய லாரிக்கு அடியில் பாயைத் தள்ளிக்கொண்டு படுப்பேன். பக்கத்தில் அவன் சுத்தியல் தட்டிக்கொண்டிருப்பான். என் நெஞ்சுக்கு மேலே முழு லாரியும் நிற்கும். நான் குறட்டை விட்டுத் தூங்குவேன். அவன் எனக்கு விட்டுப்போன அந்த இன்னொன்று, அந்தத் தூக்கம்தான்.