பத்து நிமிடம் குப்புறக் கிடந்தோம்

என் கணவருக்குக் காது மந்தம். தேத்தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் திரும்பிப் பார்ப்பார். ஆனால் விமானச் சத்தம் மட்டும் ஊரில் முதல் ஆளாக அவருக்குத்தான் கேட்கும். அன்று காலை மயிலிட்டியில் எங்கள் வீட்டு வளவில் நான் கருவாட்டுக்கு மீன் பரப்பிக்கொண்டிருந்தேன். அவர் கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார். சின்ன விமானம் ஒன்று பனைகளுக்குச் சற்று மேலே, மிக மெதுவாகத் திரும்பியது. மூக்கு மேலே எழுந்தது. ஒரு பக்கச் சிறகு சரிந்தது.

"படும்!" என்று கத்தினார்.

படுத்தேன். முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்து. சண்டை முடிந்து இத்தனை வருடமாகிவிட்டது. உடம்புக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வேலிக்கு அப்பால், பற்றை மண்டிய வெறுங்காணியில் ஏதோ விழுந்த சத்தம். முதல் குண்டு விழுந்ததும் எழும்பக் கூடாது, விமானம் சுற்றி வந்து மற்றதையும் போடும் என்பது அந்த நாளில் நாங்கள் பழகிய கணக்கு. காத்திருந்தோம்.

அப்போது அந்தக் காணிக்குள் யாரோ கூப்பிட்டார்கள். அயலில் யாருக்கோ காயம் என்று நினைத்து எழும்பப் போனேன். கணவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"பொறும், திரும்பி வருவான்."

ஒருவனும் வரவில்லை. குரலும் நின்றுவிட்டது. பத்து நிமிடம் இருக்கும், அதற்குப் பிறகுதான் போனோம். விமானம் மூக்குக் குத்திக் கிடந்தது. நெருப்பு இல்லை. உள்ளே தனியாக ஓர் இளைஞன், விமானம் ஓட்டப் பழகுகிறவன். இடுப்புப் பட்டியைத் தானே கழற்றியிருந்தான். தொடையிலிருந்து இரத்தம் ஓடி முடிந்திருந்தது. கை இன்னும் சூடாக இருந்தது.

விசாரிக்க வந்த அதிகாரி விளக்கினார்: தாழப் பறந்து திரும்பும்போது வேகம் போதவில்லை, சிறகு தாங்கவில்லை, உயரத்தில் என்றால் மூக்கைத் தாழ்த்தி, வேகம் பிடித்துத் தப்பியிருப்பான். "உடனே போனீங்களா?" என்று கேட்டார். "ஓம்" என்று கணவர் முந்திக்கொண்டார். நானும் தலையாட்டினேன், வெட்கம் கெட்டவள்.

அதன் பிறகு மீன் பரப்பக் குனிந்தாலே அந்தக் குரல் கேட்கும். வேலியைப் பார்ப்பேன். அதே நேரம் கணவரும் வேலியைப் பார்ப்பார். 

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து அந்தப் பிள்ளையின் தகப்பன் வந்தார். கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்பவர். கையில் ஒரு வாழைக்குலை.

"உடன ஓடிவந்தனீங்களாம், தங்கச்சி. நன்றி சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

என்னால் தாங்க முடியவில்லை.

"நாங்கள் வரேல்லை, அண்ணை. குண்டு போடுற பொம்பர் எண்டு நினைச்சுக் குப்புறக் கிடந்தனாங்கள். பிள்ளை கூப்பிட்டது கேட்டது. வரேல்லை."

கணவர் தலை குனிந்துகொண்டார். தகப்பன் வாழைக்குலையை நிலத்தில் வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லது.

"நானெண்டாலும் படுத்துத்தான் கிடந்திருப்பன்," என்றார். பிறகு கேட்டார்: "என்னெண்டு கூப்பிட்டவன்?"

அதை மட்டுமாவது மறைத்திருக்கலாம். "அப்பா எண்டு," என்றேன்.

அவர் எழும்பி வேலியடிக்குப் போனார். அந்தக் காணியைப் பார்த்து, "ஓம் ராசா, வாறன்," என்றார்.