மச்சானின் கல்லீரல் கொழுப்பு

என் மச்சானோடு நான் பட்ட பாடு பகையாளிக்கும் வரக் கூடாது. என் மனைவிக்கு ஒரே தம்பி. தையல்காரன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பொந்து மாதிரிக் கடை. பாதி இடம் மெஷினுக்கு, மீதி இடம் அவன் வயிற்றுக்கு. அளவு கொடுக்க வருகிறவர்கள் வாசலில்தான் நிற்க வேண்டும். மெஷினை மிதிக்கும் காலைத் தவிர வேறு எதையும் அசைக்க மாட்டான். கல்யாணம் ஆகவில்லை, சமைத்துப் போட ஆளில்லை. பசித்தால் பன், பிஸ்கட், பாட்டிலில் வரும் இனிப்புத் தண்ணீர். ஆனால் தொழிலில் கெட்டிக்காரன். அவன் தைத்தால் துணி கிழியுமே தவிரத் தையல் பிரியாது.

அவன் தொப்பையைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை, என் மனைவியின் கல்லீரல் கெட்டுப்போகும் வரை. குடி என்றால் என்னவென்றே தெரியாதவளுக்கு அது எப்படி வந்ததோ! நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைப்பாள், கொடுத்தவருக்குத் திரும்ப வளர்ந்துவிடும் என்றார் டாக்டரம்மா. என் ரத்தம் சேரவில்லை. மச்சானுடையது சேர்ந்தது.

"எவ்வளவு வேணுமோ வெட்டிக்கச் சொல்லுங்க மாமா," என்றான். துணி வெட்டுவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அவன் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. இதை வெட்டினால் இரண்டு பேருக்கும் ஆபத்து, சீக்கிரம் குறைத்துக்கொண்டு வாருங்கள், உங்கள் மனைவிக்கு அதிக நாள் இல்லை என்றார் டாக்டரம்மா. என் பெண்டாட்டியின் உயிர் இந்த வாயை நம்பியா இருக்க வேண்டும் என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்றைக்கே அவனைப் பெட்டி படுக்கையோடு என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அவித்த காய், முட்டை, சர்க்கரை இல்லாத டீ. காலையில் நடை. நான் முன்னால் போவேன். அவன் கசாப்புக்குப் போகிற முகத்தோடு பின்னால் வருவான்.

"கரையற கொழுப்பு எங்கதான் போகுது?" என்று டாக்டரம்மாவிடம் ஒருநாள் கேட்டான்.

"பெரும்பகுதி மூச்சுல போயிடும். மிச்சம் தண்ணியா வெளியேறிடும்," என்றார் அவர்.

அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். மறுநாள் கடையில் மெஷினை நிறுத்திவிட்டு, கொல்லன் துருத்தி மாதிரி புஸ் புஸ்ஸென்று மூச்சு விட ஆரம்பித்துவிட்டான். தலை சுற்றித் துணிக் குவியல்மேல் சாய்ந்தவனை வாடிக்கையாளர்கள் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். உடம்பு வேலை செய்து கொழுப்பை எரித்தால்தான் அது மூச்சில் போகும், வெறும் மூச்சு விட்டால் மூச்சுதான் போகும் என்று நான் கத்தினேன். "அதை முதல்லயே சொல்லக் கூடாதா மாமா?" என்று என்னையே கேட்டான்!

முதல் வாரம் எடை மடமடவென்று இறங்கியது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அடுத்த வாரம் முள் நகரவில்லை. முதலில் போனது கொழுப்பு இல்லையாம். உடம்பு அவசரத்துக்குச் சேர்த்து வைத்திருந்த சர்க்கரையும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீருமாம். நான் குழாய் வேலைக்காரன், எனக்குச் சட்டென்று புரிந்தது. மாடித் தொட்டியில் கொஞ்சம், தரைக்கடியில் பெரிய தொட்டியில் நிறைய. மேலே உள்ளது தீரத் தீரத்தான் கீழே உள்ளதில் கை வைப்பார்கள். மச்சானுக்கும் இதை விளக்கினேன். தலையாட்டினான். ஆட்டிவிட்டுப் போய்த் தையல் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தான்.

அந்த டேப்பால்தான் என் உயிரே போயிற்று. எடை மெல்ல இறங்க ஆரம்பித்த பிறகும் அவனுக்கு அது கணக்கில்லை. காலையில் எழுந்ததும் டேப்பை இடுப்பில் சுற்றுவான், முகம் தொங்கிவிடும். "எடை மெஷின் முன்னப்பின்ன காட்டும் மாமா. டேப் பொய் சொல்லாது. வயிறு அப்படியேதான் இருக்கு." ஊரார் இடுப்பையெல்லாம் அளந்து பிழைக்கிறவனிடம் டேப்பைப் பற்றி நான் என்ன வாதாட முடியும்?

திருட்டுத் தீனி தின்கிறான் என்று முடிவு கட்டினேன். கடைக்குத் திடீர் திடீரென்று போய் வாயை மோந்து பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை.

ஒருநாள் மறந்துவிட்டுப் போன ஸ்பேனரை எடுக்கப் பாதி வேலையில் வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் என் மனைவி, நிற்கக்கூடத் தெம்பில்லாதவள், சுவரில் சாய்ந்துகொண்டு ரொட்டியில் வெண்ணெயைத் தடவி, அதன்மேல் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். காகிதத்தில் மடித்துத் தம்பியின் சாப்பாட்டுப் பையில், காய்க்கு அடியில் செருகினாள்.

"உனக்குப் பைத்தியமா? இது உன் உசுருடி!" என்று கத்தினேன்.

"அவன் உசுரு என்ன ஆகும்?" என்றாள். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. "நோய் எனக்குத்தான் வந்திருக்கு. ஒண்ணுமில்லாத பையனை எதுக்குப் படுக்க வச்சு அறுக்கணும்? வேணாம்னு சொன்னா நீங்க யாரும் கேக்க மாட்டேங்கறீங்க. கொழுப்பு குறையலன்னா டாக்டரே அவனை விட்டுடுவாங்கல்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் காட்டுவது? எலும்பும் தோலுமாக நிற்கிறவள்மேலா? ரொட்டியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தேன். அவளைப் படுக்க வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையில் அழுதேன். மறுநாளிலிருந்து பையை நானே கட்டினேன். மச்சானிடம் மூச்சுவிடவில்லை. அக்கா கொடுத்ததை இத்தனை நாளும் தின்றிருக்கிறானே தடியன் என்று பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மறு ஸ்கேனுக்கு மூன்று பேரும் போனோம். "டேப் அசையல மாமா, போய் எதுக்கு?" என்று வாசலிலேயே நின்றவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனேன். எனக்கும் நம்பிக்கை இல்லை.

டாக்டரம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கல்லீரல் தெளிஞ்சிடுச்சு. உடம்பு இளைக்க ஆரம்பிச்சா ஈரல்ல இருக்கற கொழுப்பு சீக்கிரம் கரையும். தொப்பை மெதுவாத்தான் குறையும். தொப்பையை நான் கேக்கலையே."

"சரியாப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. இந்தச் செய்திக்கு யாராவது இப்படிக் கேட்பார்களா? டாக்டரம்மா விழித்தார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான் வச்சு விட்டதெல்லாம் என்னடா பண்ணுன?"

"பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் சாப்பிட்டார். ஆள் பெருத்துட்டார் பாவம்."

"வேணாம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா வேற வழி தேடியிருப்ப. நான் பசியில இருக்கேன்னு நெனச்சுக் கொடுத்திருந்தா, எதிர்ல உக்கார வச்சு ஊட்டியிருப்பக்கா. நீ காய்க்கு அடியில ஒளிச்சு வச்ச. அப்பவே தெரிஞ்சிடுச்சு."

பளாரென்று அவன் தோளில் ஒன்று வைத்தாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்ததோ! "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

ஒன்றும் ஆகாது என்று சொல்லப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் சொல்லவில்லை.

"எனக்கு ஆனாலும் ஆகலாம்னு டாக்டரம்மா ஒளிக்காம சொன்னாங்க. இப்படியே விட்டா உனக்குக் கண்டிப்பா ஆகும்னும் சொன்னாங்க. எதை நான் கேக்கட்டும், நீயே சொல்லு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான், பெஞ்சு கிறீச்சிட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன். இவள் இப்போது முடியாது என்றால் நான் என்ன செய்வேன் என்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"எந்தத் தேதிக்கு வரணும்னு கேட்டுட்டு வாங்க."