அறுபத்தொன்றாம் வீட்டில் எத்தனை பேர்

அம்மா வாசித்தாள், மகள் தட்டினாள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

"அம்பத்தெட்டு. ஆள் ஆறு, எல்லாம் ஆம்பளைங்க. அடுப்பு ஒண்ணு. படுக்கை மூணு."

"படுக்கைக்குக் கட்டம் இல்லம்மா."

"கட்டம் இல்லன்னா படுக்கை இல்லாமப் போயிடுமா? மூணு பேர் பகல் ஷிப்ட், மூணு பேர் ராத்திரி ஷிப்ட். அந்த மெத்தை சூடு ஆறினதே கிடையாது. எழுதிக்கோ."

மகள் எழுதவில்லை. ஆறு என்று மட்டும் தட்டினாள்.

சாயங்காலம் ஆறரை மணி. சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் அலுவலகம் கொடுத்த டேப்லெட், மறுபக்கம் ரப்பர் பேண்ட் போட்ட நீள நோட்டு. அந்தத் திரைக்கும் அம்மாவின் விரலுக்கும் ஆகவில்லை. எத்தனை அழுத்தினாலும் அசையாது. காலமெல்லாம் கதவு தட்டிய விரல், கண்ணாடிக்கு எப்படித் தெரியும் என்பாள். அதனால் களத்தில் நோட்டு, வீட்டில் மகள்.

"அம்பத்தொன்பது. வயசான புருஷன், பெண்டாட்டி. பேச்சுவார்த்தை இல்ல. அடுப்பு ரெண்டு. ரெண்டு குடும்பம்னு போடு."

"ஒரே வீட்டுலயா?"

"ஒரே வீடுதான். அவர் சமைச்சதை அவங்க தொட மாட்டாங்க. உலை வேறன்னா குடும்பம் வேற. அறுபது: அப்பா, அம்மா, ரெண்டு பசங்க. அறுபத்தொண்ணை விடு, நாளைக்குப் பாத்துக்கறேன். அங்க ஒரு வேலை இருக்கு."

என்ன வேலை என்று மகள் கேட்கவில்லை.

அம்மா புறநகர் மாவட்டக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் எழுத்தர். பத்து வருடத்துக்கு ஒருமுறை படி ஏறி ஆள் எண்ணப் போவாள். இது மூன்றாவது முறை. ஓய்வுக்கு ஏழு மாதம் பாக்கி. அவள் பகுதியில் நூற்றுப் பதினெட்டு வீடுகள். மற்ற வீடுகளை முன்பே ஏற்றியாயிற்று; அறுபதோடு, ஒன்றைத் தவிர எல்லாம் முடிந்திருந்தது. அந்த ஒன்று நாலாவது மாடியில் இருந்தது. ஐந்து தடவை போய்விட்டு வந்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் கணுக்கால் வீங்கித் திரும்பினாள்.

டேப்லெட்டில் இதற்கென்றே ஒரு பட்டன் உண்டு. மூன்று தடவை போயும் திறக்காத வீட்டை, பக்கத்து வீட்டுக் குடும்பத்தை அப்படியே நகலெடுத்து நிரப்பிவிடும். அம்மா அதற்கு வைத்த பெயர் காப்பியடிக்கிற பட்டன். வருடம் முழுக்கப் படிக்காத பையன் பரீட்சைக்கு எட்டிப் பார்ப்பது போல என்பாள்.

குக்கர் கத்தியது. அம்மா எழுந்து போனாள். மகள் அந்தப் பட்டனை அழுத்தினாள்.

அவ்வளவுதான். ஒரு நொடிகூட ஆகவில்லை. அறுபத்தொன்றில் ஓர் அப்பா, ஓர் அம்மா, இரண்டு பையன்கள் குடியேறினார்கள். திரை பச்சையானது. நூறு சதவீதம்.

"என்னடி பச்சையா இருக்கு?"

"முடிஞ்சிருச்சும்மா. அறுபத்தொண்ணை நிரப்பிட்டேன். இனிமே நீ படி ஏற வேண்டாம்."

அம்மா ஈரக் கையோடு நின்றாள்.

"மாவட்டத்துல ஏழு லட்சம் வீடும்மா. ஒரு வீட்டால ஒண்ணும் மாறாது. நான் கழிவுநீர்க் குழாய் போடறதே உங்க சராசரியை வச்சுத்தானே? வீட்டுக்கு மூணு புள்ளி நாலு ஆள். குழாய் ஒழுங்காத்தான் ஓடுது."

"எத்தனை வருஷமா கதவு தட்டறேன். அந்தப் புள்ளி நாலு ஆள் ஒரு தடவைகூட வந்து திறந்ததில்ல."

மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. தட்டுகளை எடுத்து வைத்தபடி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இல்லாத ரெண்டு பிள்ளைங்களைக் கொண்டுபோய் அந்த வீட்டுல உக்கார வச்சிருக்கே. அதுங்களுக்கு யாரு சோறு போடறது?"

மறுநாள் காலை அம்மா வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி கவுன்டரில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். செருப்பு, அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில், நீள நோட்டு, மூக்குக்கண்ணாடி. கைக்குட்டையில் சுற்றிய இன்னொரு மூக்குக்கண்ணாடி. அது சோடாபாட்டில் அடி போல தடிமன். காதில் மாட்டும் ஒரு கால் கறுப்பு, மற்றது பழுப்பு.

"இது எங்கம்மாவோடது இல்ல."

"அவங்க கைப்பையிலதாம்மா இருந்துச்சு" என்றார் கவுன்டர்காரர்.

"யார் சாமானையோ எங்கம்மா தலையில கட்டறீங்களா? இதே லட்சணத்துலதான் ஆளையும் பாத்தீங்களா?"

"பட்டியல்ல எழுதியிருக்கும்மா..."

"பட்டியல்! எழுதிட்டா எல்லாம் சரியாப் போச்சா?"

தள்ளிய வேகத்தில் கண்ணாடி மேசையின் அந்தப் பக்கம் விழுந்தது. கவுன்டர்காரர் குனிந்து எடுத்தார், ஊதினார், டிராயரில் வைத்து மூடினார். திருப்பிப் பேசியிருந்தால் கத்தவாவது வழி இருந்திருக்கும்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்கள். படுக்கையில் விழாமல் போய்விட்டாளே, புண்ணியவதி என்றார்கள். மகளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போனாள். மூன்றாவது மாடித் திருப்பம் வரை அறுபத்திரண்டு படிகள். ஒரு படியின் உயரம் பத்தொன்பது சென்டிமீட்டர். சிவில் பொறியாளரான அவள் தன் வரைபடங்களில் பதினைந்துக்கு மேல் போட்டதில்லை. வரைந்தவன், கட்டியவன், லிஃப்டைப் பழுது பார்க்காதவன் என்று வரிசையாகத் திட்டினாள். வரிசையின் கடைசியில் ஓர் ஆள் நின்றது. அதன் முகத்தைப் பார்க்காமல் இறங்கி வந்தாள்.

அலமாரியில் அம்மாவின் பழைய நோட்டுகள் இருந்தன. முதல் கணக்கில் இந்தப் புறநகர் பாதி காலி மனை. வீட்டுக்கு ஏழு பேர், ஒன்பது பேர். ஓரிடத்தில், 'பதினோரு பேர், ஒரே அடுப்பு, ஒரே சண்டை' என்று எழுதியிருந்தாள். இரண்டாவது கணக்கில் மனையெல்லாம் அடுக்குமாடி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், அச்சில் வார்த்த மாதிரி. மூன்றாவதில் அந்த அச்சு உடைந்திருந்தது. பிள்ளைகள் தொலைவில், பெரியவர்கள் மட்டும். கட்டில் மாற்றி மாற்றித் தூங்கும் ஆண்கள். வார விடுமுறைக்கு மட்டும் அப்பா இருக்கும் வீடுகள். ஒருவர், ஒருவர், ஒருவர் என்று பக்கம் பக்கமாக.

சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிற ஆள் இல்லை அவள். குடிக்கத் தண்ணீர் கேட்பாள். டம்ளரைத் தானே கழுவி வைக்கிறேன் என்று குழாயடிக்குப் போவாள். அங்கே கோப்பையில் எத்தனை பல் பிரஷ் என்று பார்ப்பாள். "வாய் பொய் சொல்லும், பல் பிரஷ் சொல்லாது." இதனால் தெருவில் அவளுக்குக் கதவக்கா என்று பெயர். 'கதவக்கா வர்றாங்க, பிரஷ்ஷை ஒளிச்சு வை' என்று பிள்ளைகள் கூவும்.

மூன்று நோட்டிலும் அவள் சொந்த வீடும் இருந்தது. முதலில் ஐந்து பேர், பிறகு மூன்று. இந்த முறை இரண்டு. கணக்கு நாளில் உயிரோடு இருந்தவர் எல்லோரும் கணக்கில் உண்டு. அடுத்த பத்து வருடத்துக்கு அரசாங்கத் தாளில் அது இரண்டு பேர் வீடு. குழாயடிக் கோப்பையிலும் இரண்டு பிரஷ் இருந்தன. மகள் எதையும் எடுக்கவில்லை.

இந்த முறைக்கான நீள நோட்டில் அறுபத்தொன்றுக்கு ஒரு முழுப் பக்கம். ஐந்து தேதிகள். நான்கின் எதிரே 'திறக்கவில்லை'. ஐந்தாவதன் எதிரே: 'கதவுக்குள்ளிருந்து பேசினார். நாளை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.'

எட்டாம் நாள் மகள் அம்மாவின் அலுவலகம் போனாள். அங்கே மேற்பார்வையாளர் இருந்தார். எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பதில் சொல்வதால் அம்மா அவரை நூறு என்பாள்.

"அம்மா எங்க டிவிஷன்லயே முதல்ல முடிச்சவங்க" என்றார் நூறு. ஒரு பாராட்டுச் சான்றிதழைக் கூட நீட்டினார். "அவங்க பணியில இறந்ததா எழுதத்தான் முடியல. முதல் நாள் சாயங்காலமே பகுதியை மூடிட்டாங்களே. மறுநாள் அங்க ஏதோ சொந்த வேலையாப் போனதா..."

"சொந்த வேலையா? அந்தக் கட்டடத்துல அவங்களுக்கு என்ன சொந்தம்? ஆள் எண்ணப் போனாங்க. அறுபத்தொண்ணுல இருக்கறது நிஜக் குடும்பம் இல்ல. அந்தப் பட்டனை அழுத்தினது நான்."

நூறு பேனாவை மூடினார்.

"இதை நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். டேப்லெட்டை வெளியாள் கையில குடுத்தது விதிமீறல். இப்ப நான் அவங்க மேல எழுதணும்."

"செத்தவங்க மேலயா?"

"விதியில செத்தவங்களுக்குத் தனிக் கட்டம் இல்லையே."

மகள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. பக்கத்து மேசைகளில் தட்டச்சு நின்றது. "சான்றிதழ் நீங்களே வச்சுக்குங்க. உங்க நூறுல ஒரு வீடு பொய். அதைத் திருத்துங்க. அதுக்குத்தான் எங்கம்மா அறுபத்திரண்டு படி ஏறினாங்க. அது மட்டும் சரியாகணும், வேற எதுவும் கேக்கல."

நூறு அவள் கையிலிருந்த நீள நோட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க சொன்னது என் காதுல விழல. அந்த நோட்டுல ஒரு எண் இருந்தா நான் வீட்டைத் திறந்து மாத்தறேன். அவங்க போனதும் வேலையாத்தான்னு எழுதறேன். ஆனா எண் வேணும். இன்னிக்கு அஞ்சு மணிக்கு மாவட்டக் கணக்கே மூடுது."

மணி மூன்றேகால்.

லிஃப்ட் இன்னும் பழுது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் நிற்காமல் ஏறினாள். அறுபத்தொன்றில் மரக் கதவு கொஞ்சம் திறந்து, இரும்புக் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. தட்டினாள். அம்மாவைப் போலவே இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. உள்ளே கால் தேய்க்கும் சத்தம்.

"யாரு? கதவக்காவா?" பெண் குரல். வயதான குரல்.

"அவங்க பொண்ணு. கணக்கெடுப்பு விஷயமா வந்தேன். வீட்டுல எத்தனை பேர்னு மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

"அட்டை இருக்கா?"

"அம்மாவோட அட்டை இருக்கு."

"என்ன அட்டை இருந்து என்ன, எனக்குப் படிக்க முடியணுமே. அவங்ககிட்டயும் அதைத்தான் சொன்னேன். கண்ணாடி உடைஞ்சு கிடக்கு, உங்க மூஞ்சியும் தெரியல, அட்டையும் தெரியல, தெரியாத ஆள்கிட்ட எத்தனை பேர்னு சொல்ல மாட்டேன்னு. கோவிச்சுக்கல. சிரிச்சாங்க. கண்ணாடியைக் கம்பி வழியாக் குடுங்க, கால் மாட்டிட்டு வர்றேன், பாத்துப் படிச்சுட்டுச் சொல்லுங்கன்னாங்க. எந்தக் கலர்ல கால் கிடைச்சாலும் பரவாயில்லன்னேன்."

மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கால் கறுப்பு. ஒரு கால் பழுப்பு.

"நாளைக்கே வர்றேன்னாங்க. அன்னிக்குக் காலையில இருந்து கதவைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருந்தேன். வரல."

"வந்தாங்க" என்றாள் மகள். "மூணாவது மாடி வரைக்கும் வந்தாங்க."

"இன்னும் ஒரு மாடிதானே? ஏன் திரும்பிப் போயிட்டாங்க?"

மகள் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தாள்.

"சரி, நீயாவது கொண்டாந்தியா?"

"இல்ல."

"கண்ணாடி எங்க?"

"ஒரு டிராயர்ல. நான்தான் தள்ளிவிட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. "எடுத்துட்டு வா. பாத்துட்டுச் சொல்றேன். நான் எங்க போயிடப் போறேன்?" மரக் கதவு சாத்திக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். அது ஐந்தைத் தாண்டும். ஒரு எண் போதும் என்று நூறு சொல்லியிருந்தார். எண் என்னவென்று அந்தக் குரலைக் கேட்ட யாரும் சொல்லிவிடுவார்கள். பேனாவும் கையில் இருந்தது.

மேல்படியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். எண்ணுக்கான இடத்தை அப்படியே விட்டாள். அம்மாவின் ஐந்து தேதிகளுக்குக் கீழே ஆறாவது தேதியைப் போட்டு எழுதினாள்:

'கண்ணாடி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.'