பறக்கப் பணம் கட்ட வந்தவர்

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் பால் விற்றவர் அவர். நல்ல உயரம், காதில் கடுக்கன். விமானச் சத்தம் கேட்டால் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள மாடுகளையெல்லாம் விற்றார். பயிற்சி தரும் துரையிடம் இங்கிலீஷில் பேச என்னைத் துணைக்கு அழைத்துப் போனார்.

விமானப் பயிற்சிக் கிளப்பில் துரை அந்தப் பணத்தைத் தொடவேயில்லை. பயிற்சி வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான், வேண்டுமானால் விமானம் கழுவும் வேலை தருகிறேன் என்றார். அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் கூசியது.

"கழுவுறதுக்கு என் கை ஆகும், ஓட்டுறதுக்கு ஆகாதான்னு கேளு தம்பி," என்றார் அவர். கேட்டேன். துரை சிரித்தார்.

அந்தப் பணத்தில் அவர் ஒரு பழைய லோரி வாங்கினார். ஒருநாள் கிள்ளான் ரோட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பின்னால் ஒரு துரையின் கார் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

"வழி விடலையாண்ணே?" என்றேன்.

"அவனுக்குத்தான் பறக்கத் தெரியுமே, பறந்து போகட்டும்," என்றார், லோரியை நடுரோட்டிலிருந்து நகர்த்தாமல்.